பெயின்டக்கா கேட்ட ரதி வேஷம்

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சரஸ்வதி வரைந்த ஆள் இலங்கையின் சப்ரகமுவ மாகாணம் முழுவதிலும் ஒருவர்தான். அவர் எங்கள் பெயின்டக்கா. சந்தேகம் உள்ளவர்கள் புளத்கொகுபிட்டிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், ஆண்பிள்ளை என்று பெயர்வைத்து வளர்க்கப்பட்டவர். கொழும்புக்கு வேலைக்குப் போனவர், சில வருஷம் கழித்துச் சேலையும் கொண்டையுமாகத் திரும்பி வந்தார். கையில் ஒரு பெட்டி நிறையத் துணிப் பெயின்ட். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், ஊருக்கெல்லாம் நானா, தன் கடையின் பின்னறையைக் கொடுத்தார். சேலையோ சட்டையோ எதைக் கொடுத்தாலும் அக்கா அதில் கையாலேயே படம் வரைந்து, நிறம் ஒட்டுவதற்காகப் பின்பக்கம் அயன் பண்ணித் தருவார். அவர் அயனைப் போட்டால் கடை லைட் மங்கும். "சரி சரி, யாருக்கோ மயில் ரெடியாகுது" என்று நானா அந்த அரை இருட்டிலேயே துணி கிழித்துக்கொண்டிருப்பார்.

அக்காவின் படங்களில் ஒரு சங்கதி உண்டு. எந்தப் பெண்ணை வரைந்தாலும் அகலத் தோள், சதுரத் தாடை, பெரிய கை. ராதையாக இருந்தாலும் சரி, கொழுந்து பறிக்கிற பெண்ணாக இருந்தாலும் சரி, எல்லாருமே அக்காவின் கூடப் பிறந்தவர்கள் போல இருப்பார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த டீச்சர், நவராத்திரிக்குக் கட்ட ஒரு சேலை சொல்லியிருந்தார். அதை வாங்க வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். டீச்சர் முந்தானையை விரித்தார்.

"என்ன பிள்ளை, சரஸ்வதிக்கு இவ்வளவு பெரிய தோள் போட்டிருக்கிறீர்?"

"வீணை பாரம் டீச்சர். சின்னத் தோள்ல எப்படிங்க தாங்குவாங்க?"

"தாடையும் ஒரு மாதிரிக் கிடக்குது."

"எனக்கு மாடலா யாருங்க வருவா? கண்ணாடிய வச்சுக்கிட்டுதான் வரையிறேன். நம்மகிட்ட இருக்கறது ஒரு மூஞ்சிதானே."

டீச்சர் சேலையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் வந்து லட்சுமியும் கேட்டார்.

ஆண்களுக்கு வேறு விதமான தண்டனை. கேட்டதை வரைய மாட்டார், ஆளைப் பார்த்துத்தான் வரைவார். கேகாலை பஸ் டிரைவர் ஒருவர் சட்டை முதுகில் சிங்கம் கேட்டார், ஆமை கிடைத்தது. நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். கம்பீரமாக ஒரு கழுகு வேண்டும் என்றேன். வந்தது கொட்டாவி விடுகிற பூனை.

"இது நான்தானா அக்கா?"

"மத்தியானம் சாப்பாட்டுக்குப் பொறகு ஆபீசு ஜன்னல்ல எட்டிப் பாத்தேனுங்க."

ஊரே அவரை அக்கா என்றது. கோயில் கமிட்டித் தலைவர் மட்டும் விடாப்பிடியாகத் 'தம்பி' என்பார். பஜாரில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூட. மற்ற எதற்கும் வாய் ஓயாத அக்கா, அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. மன்மதனும் ரதியும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கடைசியில் சிவன் மன்மதனை எரிப்பார், ரதி அழுவாள். ரதி வேஷத்தை ஆண்தான் கட்ட வேண்டும் என்பது பாட்டன் காலத்துச் சட்டம். வேஷத்துக்கு ஆள் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். ஆண்களுக்கு ஒரு பாய், பெண்களுக்கு ஒரு பாய். அக்கா எந்தப் பாயிலும் உட்காராமல் பலா மரத்தடியில் நிற்பதுதான் வழக்கம். ரதிக்கு யார் என்று கேட்டதும் அங்கிருந்தே கையைத் தூக்கினார்.

"நான் கட்டறேனுங்க."

"அது ஆகாது. ரதி வேஷம் ஆம்பளதான் கட்டணும்" என்றார் தலைவர்.

"சரிங்க தலைவரே. என்னயத் தம்பி தம்பின்னு கூப்பிடுறது நீங்கதானே? அப்ப எனக்குக் குடுக்கலாமே."

கூட்டம் சிரித்தது. தலைவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"கூப்பிடறது வேற, வேஷம் வேற."

அக்கா சிரிக்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

"ரெண்டுல ஒன்னு சொல்லிருங்க. ஆம்பளன்னா வேஷத்தக் குடுங்க. இல்லன்னா நான் யாருன்னு இத்தன பேரு முன்னால நீங்களே சொல்லுங்க."

தலைவர் பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் பலாக்காயைப் பார்த்தார்கள். என்ன இருந்தாலும் சாமி காரியம், தன் காலத்தில் சம்பிரதாயம் கெட்டது என்ற பேர் வரக் கூடாது. மைக்கைக் கையில் எடுத்தார்.

"இந்தப் புள்ள பொம்பள. பொம்பளைக்கு ரதி வேஷம் கெடையாது. அவ்வளவுதான்."

ஸ்பீக்கர் அதை மேட்டு லயம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வேஷம் போச்சே என்று நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், கண் மட்டும் சிரித்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வேஷத்துக்கா வந்தார் அந்த மனுஷி? சின்ன வயதில் கட்டிய ஆம்பளை வேஷமே போதும் போதும் என்றாகியிருக்குமே அவருக்கு.

பெண்கள் பாயில் தலைவரின் சம்சாரம் முன்னால் இருந்தார். பக்கத்தில் இருந்தவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் நகர்ந்துகொண்டார்.

"அவரே சொல்லிட்டாரே. இன்னும் என்னத்துக்குடி அங்கன நிக்கிற? வந்து ஒக்காரு."

அக்கா வந்து, காலை மடக்கி, சேலையைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் அடுத்த வேஷத்துக்குப் போய்விட்டது.

நான் இப்போது கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கிறேன். ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. மாசி பிறந்தால் அந்தப் பாயும் அதில் அக்கா உட்கார்ந்த விதமும் கண்ணுக்குள் வந்து நிற்கும். எங்கிருந்தாலும் எங்கள் அக்கா நன்றாக இருக்க வேண்டும்.