தொங்கல் கட்டாத கூடாரம்

இரும்புக் குழாய்களை லாரியிலிருந்து மொத்தமாகத் தார்ச்சாலையில் இறக்கினால் ஒரு சத்தம் வரும். கணீரென்று தொடங்கி, கடகடவென்று உருண்டு, எல்லாம் அடங்கிய பிறகு கடைசிக் குழாய் மட்டும் பள்ளிக்குப் பிந்தி வந்த பிள்ளையைப் போலத் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொள்ளும். நேற்றுக் காலை எங்கள் கொண்டோ அடுக்குமாடி வாசலில் யாரோ எதற்காகவோ அப்படி இறக்கினார்கள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினேன். தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க வந்தவர்கள். கேமா அண்ணன் இல்லை.

ஈப்போவில் கேமா அண்ணன் கூடாரம் போடாமல் எந்தத் தமிழரும் முழுதாகக் கல்யாணம் செய்துகொண்டதில்லை. முழுதாகச் செத்ததும் இல்லை.

கேமா என்றால் எங்களுக்குக் கூடாரம். மலாய்ச் சொல்தான், ஆனால் அது எங்கள் வாய்க்குள் வந்து குடியேறி வெகுகாலம் ஆகிறது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரியும். அதுவும் கோபம் வந்தால்தான் ஞாபகம் வரும். குழாய் போல ஒல்லியான மனிதர். வயிறு மட்டும் நடுக்கம்பு நட்டதுபோல் முன்னே நிற்கும். சுங்காயில் காதுகுத்து, பாகான் டத்தோவில் கருமாதி, தஞ்சோங் ரம்புத்தானில் புதுமனை புகுவிழா என்று வார இறுதியெல்லாம் லாரியிலேயே வாழ்ந்தார்.

தொலைபேசியை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "நல்லதா, கெட்டதா?" என்பார். காரணம் இருக்கிறது. நல்ல காரியம் என்றால் கூரையைச் சுற்றி ரோஸ் நிறத் துணித் தொங்கல் கட்டுவார். கெட்டது என்றால் வெறும் கூரை. ஒருமுறை காப்புறுதிப் பாலிசி விற்கும் பெண் அவரை அழைத்துவிட்டாள். நல்லதா, கெட்டதா என்றார். பாவம், அவள் தன் தொழிலுக்கு உண்மையாக, ரெண்டுக்கும் சேர்த்துத்தான் சார் என்றாள். அப்படியானால் லாரி ரெண்டு தடவை வரணும், தேதியைச் சொல்லு என்று இவர் அதட்ட, அவள் மேலாளரைக் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டாள். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உலகத்தை அவர் கூடாரத்தால் அளந்தார். புதிய பேரங்காடி திறந்தபோது ஊரே உள்ளே போய் மின்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இவர் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்று, இவ்வளவு நல்ல சமதரையை வீணடித்துவிட்டார்களே என்று காவலாளியிடம் வருத்தப்பட்டார். ஒரு நண்பரின் புதுவீட்டு விழாவில் எல்லாரும் சமையலறையைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, இவர் முன்வாசலைக் கண்ணால் அளந்துவிட்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு. பெட்டி திரும்பாது," என்றார். எந்தப் பெட்டி என்பது வீட்டுக்கார அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்த பிறகு அவருக்குப் பாயசம் வரவில்லை.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்தது. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருக்கும். வாசலில் ஒரு கார் நின்றால் மனிதன் பக்கவாட்டில்தான் உள்ளே போகவேண்டும். மிச்சம் இருந்த வெட்டவெளி பாடாங் ஒன்றுதான். தோட்டக் காலத்தில் விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்து, தலை எண்ணி வேலைக்கு அனுப்பிய அதே திடல். எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள்: மாப்பிள்ளை மாறுவார், பெண் மாறுவாள், பின்னால் அதே கோல் கம்பமும் அதே சுண்ணாம்புக் குன்றும் மாறாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்தத் திடலில் ஒருநாள் ஒரு பெரிய பலகை முளைத்தது. கடைவீடுகள், அவற்றுக்கு மேலே அடுக்குமாடி. படத்தில் பலூன் பிடித்துக்கொண்டு நடந்தவர்களில் ஒருவரைக்கூட எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மேம்பாட்டு நிறுவனத்தின் ஆள், கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர், மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடத்தினார். திடல் போனால் என்ன, ஆறாவது மாடியில் வான்தோட்டம் வருகிறது, அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும் என்றார்.

கேமா அண்ணன் எழுந்து, அங்கே கூடாரத்துக்கு ஆணி அடிக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றார் இளைஞர். அப்படியானால் அது தோட்டம் இல்லை, கூரை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நிறுவனத்தின் வாதம் எளிமையானது: இந்தத் திடலை யாரும் பயன்படுத்துவதில்லை. அதை நேரில் பார்க்க மாநகர் மன்ற அதிகாரி ஒரு சனிக்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடானது. சனிக்கிழமை காலையில் ஊரே சந்தையில் இருக்கும். பாடாங்கில் ஒரு நாய் இருக்கும், அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும். அதிகாரி அந்த நாயைப் பார்த்துவிட்டுப் போனால் கதை முடிந்தது.

தாமான் சங்கத் தலைவர் கிராணி ஐயா, தான் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிப்பதாகச் சொன்னார். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்தவர். சட்டையின் மடிப்பு கலையும் என்று தும்மலைக்கூட அடக்கும் மனிதர். கேமா அண்ணன் மட்டும், "ஆள் சேக்கறத என்கிட்ட விட்டுருங்கலா," என்றார். எப்படி என்று கேட்பதற்குள் லாரியில் ஏறிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை கருக்கலில் குழாய்கள் விழும் சத்தம் கேட்டுச் சன்னலைத் திறந்தேன். பாடாங்கின் நடுவே கூடாரம். ஓரத்தில் தொங்கல் இல்லை. அலமாரியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்தேன்.

தாமான் முழுக்க அதையே செய்தது. சந்தைப் பைகள் ஆணிக்குத் திரும்பின. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: சாவுக் கூடாரத்தில் நுழைந்து யார் போனது என்று கேட்பதில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறாயே என்று ஆகிவிடும். போகவேண்டும், கைகட்டி உட்காரவேண்டும். யார் வாயிலிருந்தாவது செய்தி தானாக விழும். அன்று யார் வாயிலிருந்தும் விழவில்லை. எல்லாரும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூலைக் காப்பிக்கடை ஆ செங் ஒரு பெரிய கேத்தல் நிறையக் காப்பி அனுப்பினார். பின்வரிசை மலாய்க்கார அம்மா வறுத்த அரிசிச் சேமியாவான பீஹூன் கோரிங் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமா அண்ணன் நாற்காலிகளுக்கு நடுவே ஓடியாடி ஒவ்வொருவரையும் பார்த்துப் பூரித்தார். துக்கம் முற்றினால் சிலருக்குச் சிரிப்பு வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வரிசை பார்வதி அக்காதான் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்குப் போட்டார். முன்வரிசையில் கிராணி ஐயா இல்லை. அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட மனுசன், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியிருப்பாரா, சட்டையில் ஒரு சுருக்கம் பார்த்திருக்கிறோமா என்று ஆரம்பித்தார். வரிசை வரிசையாக மூக்கு உறிஞ்சும் சத்தம் பரவியது. நானும் உறிஞ்சினேன்.

அந்த நேரத்தில், கால்சட்டையை ஆற அமரத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிராணி ஐயா வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, ஆர் மோசம் போனது?" என்றார்.

பார்வதி அக்கா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "நீங்கதான் ஐயா."

ஐயா பக்கத்து நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, "அப்ப இவ்வளவு நேரமும் என்னைப் பற்றி என்ன கதைச்சனீங்கள்? கொஞ்சம் திரும்பச் சொல்லுங்கோ," என்றார்.

நாங்கள் கேமா அண்ணனைப் பிடித்து உலுக்குவதற்குள் மன்றத்தின் கார் வந்து நின்றது. அதிகாரி அம்மா இறங்கினார், பின்னால் நிறுவனத்து இளைஞர். கூடாரத்தைப் பார்த்ததும் இருவரும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். அதிகாரி மெதுவாக நடந்துவந்து, இறந்தது யார் என்று கேமா அண்ணனிடம் மலாயில் கேட்டார்.

அப்போதுதான் கேமா அண்ணன் தலையை உயர்த்திக் கூரையின் ஓரத்தைப் பார்த்தார். சுங்காய் காதுகுத்தில் சாம்பார் கொட்டி, தொங்கல்கள் அத்தனையும் சலவைக்குப் போயிருந்தன. அவர் போட நினைத்தது பாடாங்குக்கு ஒரு காப்பி விருந்து. போட்டது சாவு.

யாராவது ஒரு சித்தியை, ஒரு தூரத்து மாமனைச் சொல்லிவிடேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு பொய் போதும், திடல் பிழைக்கும். ஆனால் நல்லது கெட்டது விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. பூவான் என்ற மலாய் 'அம்மா'வைத் தவிர, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இன்னும் யாரும் சாகல, பூவான். ஆனா சாவாங்க. கல்யாணம் கட்டுவாங்க, புள்ள பெத்துக்குவாங்க. அப்ப எல்லாரும் வந்து எங்க உக்காருவாங்க?"

இளைஞர் மெல்லச் சிரித்தார். அப்படியானால் இங்கே நிகழ்ச்சியே இல்லை, இது நாடகம், திடல் சும்மாதான் கிடக்கிறது என்றார்.

அதிகாரி அவரை விட்டுத் திரும்பினார். பார்வதி அக்காவிடம், உங்களை யார் அழைத்தது என்றார். யாருமில்லை. காப்பி அனுப்பச் சொன்னது யார் என்று ஆ செங்கிடம் கேட்டார். யாருமில்லை, கூடாரம் தெரிந்தது, அனுப்பினேன் என்றார் அவர். பீஹூன் கொண்டுவந்தவரும் அதையேதான் சொன்னார்.

"யாரும் சாகவில்லை, யாரும் கூப்பிடவில்லை, எல்லாரும் வந்திருக்கிறீர்கள்," என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் கைக்கு ஒரு தட்டு போனது. நின்றுகொண்டே இருந்த இளைஞரின் கையிலும் பார்வதி அக்கா ஒன்றைத் திணித்தார். "யாரும் சாகலலா தம்பி, தைரியமா சாப்புடுங்க."

சில மாதங்கள் கழித்துப் பலகையைப் பிடுங்கினார்கள். கட்டடம் சுருங்கிச் சாலையோரத்துக்குப் போனது. பாடாங் பொது நிலம் என்று மன்றம் தன் பலகையை நட்டது. ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் கார் நிறுத்தப் போய்விட்டது. அதன் அருகே கேமா அண்ணன் தலையில் கைவைத்து நின்றார். "ஒரு கேமா போடற இடம் போச்சு, தங்கச்சி," என்றார், சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்த குரலில்.

பிறகு கணவரின் வேலைக்காக நாங்கள் ஊரின் மறுகோடியில் இந்தக் கொண்டோவுக்கு மாறினோம். சாமான்களைக் கேமா அண்ணன்தான் தன் லாரியில் ஏற்றிவந்தார். என் அலமாரியை அவரே முதுகில் சுமந்து வந்தார், மற்றவர்கள் தொட்டால் கீறல் விழுமாம். எல்லாம் முடிந்ததும் பால்கனியில் போய் வெகுநேரம் நின்றார். குன்றுகள், கூரைகள், கூரைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவில் ஒரு பச்சை. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். வழக்கத்துக்கு மாறாக எதையும் அளக்கவில்லை.

கீழே லாரியில் ஏறி உட்கார்ந்து, இயந்திரத்தை முடுக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டினார்.

"மேலருந்து பாடாங் நல்லா தெரியுது, தங்கச்சி."

"ஆமாண்ணே."

"மலைப் பக்கம் மழை கறுத்தா எனக்கு ஒரு போன் அடி. கேமாவுக்குக் கீழ உக்காந்திருக்கற எங்களுக்கு வானம் தெரியாதுலா. இனிமே நீதான் பாத்துச் சொல்லணும். வாரேன்."