புகைந்த புற்றும் நான் ஆடிய சாமியும்

எனக்குச் சாமி வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அதுவும் தானாக வரவில்லை. அரசாங்கம் கொடுத்த காக்கிச் சட்டையோடு, அரசாங்க வேலை நேரத்தில், நானே வரவழைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசி. தாவரவியலில் பட்டம் வாங்கிய திமிரோடு வனத்துறையில் சேர்ந்திருந்தேன். வீடு காஞ்சிபுரத்தில், பொறுப்பு மாகறலுக்கு அப்பால் ஒரு குத்துக்காடு. (யானையை எதிர்பார்த்து வந்த என் மாமனார், "இன்னா மாப்ள, வெறும் முள்ளா இருக்குது?" என்றார்.) முள்ளும் காய்ந்த புல்லும்தான். ஆனால் சித்திரையில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் காடும் போகும், பக்கத்துக் குடிசைகளும் போகும். அதனால் இரண்டுக்கும் நடுவே வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லையும் சருகையும் அகற்றி வெற்றுத் தரையாக வைத்திருப்போம். அதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். மாசியில், பனி ஈரம் இருக்கும்போதே, கோட்டை ஒட்டிய காட்டுப் புல்லை நாங்களே சிறு நெருப்பு வைத்து எரித்துவிடுவோம். கோடையில் பெரிய நெருப்பு வரும்போது அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்கக் கூடாது.

எரித்த பிறகு தரையைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடுள்ள இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் தொட்டுப் பார்க்கவில்லை. புது மனைவியோடு மேட்னி போக வேண்டியிருந்தது. "அணைந்துவிட்டது" என்று மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

சில நாள் கழித்து, காட்டுக் காவலுக்கிருந்த வாச்சர் கன்னியப்பன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"சார், புத்துல பொக வருது. ஜனம் கூடிக்கினு கீது."

போகும்போதே ஏதோ சரியில்லை. எரிந்த பக்கத்தில் ஒரு குருவிச் சத்தம் இல்லை. காற்றே இல்லை, ஆனாலும் சாம்பல் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது. கோட்டைத் தாண்டி, குடிசைப் பக்கத்தில், ஆளுயரப் புற்று. அதன் வாயிலிருந்து பட்டிழை போல ஒற்றைப் புகை. சற்று நேரம் நிற்கும். மூச்சை இழுத்துவிட்டது போல மறுபடி வரும். பூட்ஸைத் தாண்டிப் பாதத்தில் சூடு ஏறியது. புரிந்துவிட்டது. செத்த வேரில் பிடித்த நெருப்பு மண்ணுக்கடியிலேயே கோட்டைக் கடந்திருந்தது. அது எங்கள் காலுக்குக் கீழே நடந்துகொண்டிருக்க, பெண்கள் அதன் தலைமேல் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கற்பூரத்தை எடுத்தாள். முழங்காலளவு காய்ந்த புல்லில்!

"அம்மா, உள்ள வேர் புகையுது. தண்ணி ஊத்தணும்" என்றேன்.

"ஆத்தா மூச்சு உடுறா, அத்தப் போயி அணைக்கச் சொல்றியே! தள்ளி நில்லு சார்."

கன்னியப்பன் என் காதருகே சிரித்தான். "ஆத்தாளே கேட்டாதான் ஊத்துவாங்க சார்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட ஆரம்பித்தேன்.

"எரியுதுடி! வயிறு எரியுதுடி! கொடம் கொடமா ஊத்துங்கடி!"

(எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் பார்த்திருந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.) கன்னியப்பன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றான். பெண்கள் ஏரிக்கு ஓடினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் உள்ளே போனது. புற்று நீளமாக ஒரு முனகல் முனகியது. வெண்ணிற ஆவி எழுந்து, புகை நின்றது.

அதோடு நானும் நின்றிருக்க வேண்டும்.

பச்சையம்மா என்றொருத்தி என் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். "தறி வேலைக்குக் காஞ்சிபுரம் அனுப்புனேன், தாயே. அங்கேருந்து ஓடிட்டான். என் புள்ள வருவானா?"

"ஏழுமலை வருவான்" என்றது என் வாய். அப்போதுதான் கோட்டின் மேல் காற்று கொண்டுவந்து போட்டிருந்த சருகுகள் என் கண்ணில் பட்டன. ஆத்தாவுக்குள் இருந்த வனத்துறை ஊழியன் விழித்துக்கொண்டான். "அவன் வர்ற வழி இதான். பெருக்கி வையி. ஒரு சருகு கெடக்கக் கூடாது."

திரும்பும்போது கன்னியப்பன் சிரிக்கவில்லை. "புள்ள பேரு உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"

"நீ சொல்லலையா?"

"எனக்கே தெரியாது சார்."

கூட்டத்தில் யாராவது முணுமுணுத்தது என் காதில் விழுந்திருக்கும். பகல் வேளைகளில் அதை நான் நம்புகிறேன்.

அன்று முதல் பச்சையம்மா தினமும் அந்தக் கோட்டைப் பெருக்கினாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, வருடக்கணக்காக. எங்கள் வட்டாரத்திலேயே அவ்வளவு சுத்தமான கோடு கிடையாது என்று மேலதிகாரிகள் எனக்குக் கைகொடுத்தார்கள். கொடுத்த கையை நானும் குலுக்கினேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து, "சுத்தம் போதுமா சார்?" என்பாள். "போதும்மா" என்பேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெருக்குவதை நிறுத்திவிடுவாள் என்பதால் சொல்லவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு தை மாதம் அவள் செத்துப்போனாள். மகன் வரவில்லை. அந்தப் பங்குனியில் காட்டின் உட்புறத்திலிருந்து பெரிய நெருப்பு கிளம்பி, கோடு வரை வந்து, நின்றது. குடிசைகள் பிழைத்தன. மறுநாள் காலை நானும் கன்னியப்பனும் கோட்டின் மேல் நடந்தோம். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் மஞ்சள் புல். நடுவில் ஒரு சருகு இல்லை. மண்ணில் விளக்குமாற்றுக் கீறல்கள், விளிம்பு உதிராமல், புதிதாக.

"யாருப்பா பெருக்குனது?"

"நீங்கதான் ஆள் உட்டிருக்கீங்கன்னு நெனச்சேன் சார்."

நான் விடவில்லை. ஊரில் கேட்டேன். யாரும் பெருக்கவில்லை என்றார்கள்.

நான் சாமி ஆடிய கதையை என் மனைவி இன்றும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறாள். வருகிறேன் என்று சொன்னவர் யாராவது வராமல் போனால் பேரப்பிள்ளைகள், "வழியப் பெருக்கி வையி!" என்று கூவுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் வாசலில் வேப்பஞ்சருகு விழுந்தால் மட்டும் விளக்குமாற்றை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

"யாரு வரப்போறாங்கன்னு இந்தப் பெருக்கு பெருக்குறீங்க?" என்பாள் மனைவி.

ஏழுமலைக்கு இப்போது என் வயதுதான் இருக்கும்.