கப்பல் நாணயத்தின் காவல் அதிகாரி

உலகப் பொருளாதாரம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் பெரிய பெரிய நகரங்களின் பெயரைச் சொல்வார்கள். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் என்பதே சரியான விடை. அந்த டப்பாவுக்கு ஏழு மாதங்களாகக் காவல் அதிகாரியாக இருப்பவள் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

அப்பா ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருக்கிறார். வரும் கடிதங்களில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்துவது அவர் பணி. இருபத்திரண்டு வருடங்களாக எல்லாவற்றையும் பெற்றும் தமக்கென்று ஒன்றும் பெறாத அவருக்கு, ஒருநாள் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. பழைய நாணயம் ஒன்றை விற்று மூன்று மாடி வீடு கட்டிய ஒருவர் மொட்டை மாடியில் நின்று கையசைத்தார். அப்பாவும் பதிலுக்குக் கையசைத்ததை நான் பார்த்தேன்.

மறு வாரமே அம்மாவின் இரண்டு வளையல்கள் 'முதலீடாக உருமாற்றம்' அடைந்தன. பதிலுக்கு ஒரு வெள்ளி நாணயம் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் பாய்மரக் கப்பல். மறு பக்கம் யாரோ ஒரு ராஜாவின் மூக்கு. மிச்ச ராஜா கறுப்புக்குள் இருந்தார்.

தையல் ஆலையிலிருந்து வந்த அம்மா, பையைக்கூட இறக்காமல் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு வளையலக் குடுத்துட்டு ஒரு கரித்துண்ட வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"வெள்ளியும் ஏறுது, பழசும் ஏறுது. ரெண்டு பக்கமும் லாபம்."

"நஷ்டத்த எந்தப் பக்கம் அச்சடிச்சிருக்கு?"

இக்கேள்வி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

அன்றே குடும்பக் கூட்டம் கூடியது. தலைவர், அப்பா. செயலாளர், அப்பா. பொருள்: பாதுகாப்பு. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை வீட்டில் யாரும் இருப்பதில்லை. வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் வங்கிக்காரருக்கு ஆசை வந்துவிடும் என்றார் தலைவர். பெரிய பூட்டாகப் போட்டால் திருடனுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ வீட்ல இருக்கட்டும். ஒரே வாரம். வித்ததும் ஸ்கூலுக்கு அனுப்பிடறேன்."

"பத்தாவது படிக்கிறா" என்றார் அம்மா.

"இவ கிளாஸ்ல இருந்தாலும் இல்லாட்டியும் டீச்சருக்குத் தெரியவா போகுது? அவ்வளவு அமைதி. காவலுக்கு வேண்டிய தகுதியே அதானே."

அம்மா எதிர்த்து வாக்களித்தார். நான் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. பேசாத வாக்கு தலைவருக்கே சேரும் என்பது எங்கள் வீட்டு விதி. தீர்மானம் நிறைவேறியது.

டப்பாவைத் தொடக் கூடாது. யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது. நாணயத்தின் அருகே தும்மக் கூடாது. இவையே என் பணி விதிகள். முக்காலியைப் போட்டு அலமாரிக்குக் கீழே உட்கார்ந்தேன். வெள்ளி விலை ஏறிய வாரங்களில், இப்போது விற்பவன் முட்டாள் என்றார் அப்பா. இறங்கிய வாரங்களில், இப்போது விற்பவன் பைத்தியக்காரன் என்றார். முட்டாளுக்கும் பைத்தியக்காரனுக்கும் நடுவில் ஒரே வாரம் ஏழு மாதமானது.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் யாரோ கதவைத் தட்டினார்கள். கதவுக்கு அடியில் தெரிந்த செருப்பை வைத்தே எங்கள் டீச்சர் என்று கண்டுகொண்டேன். என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். நான் கடமை தவறவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு கடிதம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. மாதக் கடைசிக்குள் நான் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும்.

அப்பா அதை முழுவதும் படித்து, ஓரத்தில் 'பெறப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார். பழக்கம்.

"மாசக் கடைசிக்குள்ள இந்தக் கரி வீட்ட விட்டுப் போகணும்" என்றார் அம்மா. "இல்லாட்டி நானும் இவளும் போறோம்."

அப்பா ஒரு நாணய வியாபாரிக்குப் புகைப்படம் அனுப்பினார். எட்டு வளையல் வாங்கும் அளவுக்கு ஒரு விலை சொன்ன வியாபாரி, ஞாயிறு பகல் நேரில் வந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அம்மா என் சீருடையை எடுத்துப் பார்த்தார். நான் வளர்ந்திருந்தேன். மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கித் தைத்தார்.

ஞாயிறு காலை அப்பா டப்பாவை இறக்கினார். பழைய பல் துலக்கி, பற்பசை, ஒரு கிண்ணம் தண்ணீர். அம்மாவின் 'கரி' அவரை ஏழு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஏழு மாதப் பணியில் முதல் முறையாக நான் வாய் திறந்தேன். "அப்பா, தொடக் கூடாதுன்னு நீங்கதானே..."

"அது உனக்கு."

இரண்டு மணி நேரம் தேய்த்தார். ராஜாவுக்குக் காது வந்தது, தாடை வந்தது, கடைசியில் ஒரு கிரீடமும் வந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம்போல் மின்னியது நாணயம்.

வியாபாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இத யாரு தேச்சது?"

"நான்தான் சார். ஆளு வைக்கல" என்றார் அப்பா அடக்கத்துடன்.

"போட்டோல இருந்த கறுப்பு?"

"ஒரு பொட்டு விடல சார்."

"அந்தக் கறுப்புக்குத்தான் சார் நான் விலை சொன்னேன். பழச இருட்டுல ஒரு மூலையில போட்டு, வெளிய எடுக்காம, தொடாம, வருஷக்கணக்கா விட்டாதான் அது படியும். அதான் மதிப்பே. இப்ப இது வெறும் வெள்ளி. எடைக்குப் போட்டா ஆயிரம் ரூபா தேறினா பெருசு."

அவர் போனபின் அப்பா வெகுநேரம் யோசித்தார். மனம் தளரும் மனிதர் அல்ல அவர். கறுப்பு மறுபடி படியும்வரை நாணயத்தை டப்பாவில் வைப்பது என்றும், அதுவரை காவல் நீட்டிக்கப்படுவது என்றும் தீர்மானித்தார். என் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட தகவல் முறைப்படி வந்தது, முறைப்படி 'பெறப்பட்டது'. வீட்டை விட்டுப் போவதற்கு, போக ஓர் இடம் வேண்டும். அம்மா இறக்கித் தைத்த சீருடையை மடித்து அதே அலமாரியில் வைத்தார்.

வியாபாரி சொன்னது எனக்கு மனப்பாடம். இருட்டில், ஒரு மூலையில், வெளியே எடுக்காமல், தொடாமல். அந்த விதிப்படி அப்பாவின் சேகரிப்பில் விலைமதிப்பற்ற பொருள் டப்பாவுக்குள் இல்லை. கீழே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா கவலைப்பட வேண்டாம். கறுப்பு நன்றாகப் படிந்து வருகிறது.