சக்கரம் வைத்த ரூடா

"இந்தத் தொட்டிய நகர்த்தினா நகரப்போறது என் இடுப்புதான்," என்றார் ஃபௌஸ்தோ.

கணவனின் இடுப்பைப் பற்றி எர்மெலிந்தாவுக்குக் கவலையில்லை. வாசலில் நின்ற ரூடாச் செடி மறுபடியும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வீட்டின்மேல் விழும் கண்ணையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளத்தான் ரூடா. அது வாடுகிறதென்றால், யாரோ வயிறெரிகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மருமகள் யெசேனியா பேரனை முதன்முறையாகத் தூக்கி வரப்போகிறாள். அதற்குள் அந்தக் கண் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும்.

சந்தில் சொரைதா, ஒத்தீலியா, ரொசௌரா என்று மூன்று பேர்மேல் அவளுக்குச் சந்தேகம். ரூடாவை ஒவ்வொருத்தி வாசலிலும் ஒரு நாள் நிறுத்தினால் போதும். எங்கே வாடுகிறதோ, அவளுக்குக் குழந்தையைக் காட்டக் கூடாது.

ஆனால் அது சிமெண்ட் தொட்டி.

பழைய கட்டில் பலகையை அறுத்து, சூட்கேஸ் சக்கரங்களைக் கழற்றி அடியில் அறைந்தாள். தொட்டியை ஏற்றியதும் நான்கு சக்கரமும் தவளைக் கால் மாதிரி விரிந்து படுத்துவிட்டன.

"அது துணிமணி தூக்கப் பிறந்தது. அதுகிட்டப்போய்..." என்றார் ஃபௌஸ்தோ.

அடுத்து, மெக்கானிக் கடையில் கெஞ்சி வாங்கிய பழைய பேரிங்குகள். அவை பாரம் தாங்கின. ஆனால் தரையில் உருண்டபோது சந்து முழுக்க இடி இடித்தது. எல்லாக் கதவும் திறந்தன.

"எங்கக்கா ஊர்வலம்?" என்றாள் சொரைதா.

"செடிக்குக் கொஞ்சம் வெயில் காட்டலாம்னு."

சொரைதா அண்ணாந்து பார்த்தாள். "ஜூலை மாசத்துலயா? லிமாவுல வெயில பாத்து ரெண்டு மாசமாச்சேக்கா!"

சத்தத்தை அடக்கப் பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டாள். சத்தம் அடங்கியது, வேகம் பிறந்தது. சந்து பொதுக்குழாய்ப் பக்கம் சரிவு. ரூடா தானாகக் கிளம்பி, குழாயடியில் இருந்த ஒத்தீலியாவின் துணி வாளியைக் கவிழ்த்துவிட்டு நின்றது. எர்மெலிந்தா பலகையில் கயிறு கட்டினாள். அதற்குப் பிறகு அவள் செடியை இழுத்துப் போவதைப் பார்த்து, "கடிக்குமாக்கா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

யாராவது ரகசியமாக இலையைக் கிள்ளிவிட்டால்? ஒவ்வொரு வாசலிலும் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். இருந்தால் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்? சொரைதா வீட்டில் இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் தெரிந்தது. அவள் புருஷன் சம்பளத்துக்கு ஒரு கதவே அதிகம். ஒத்தீலியாவின் ஜன்னலில் மகள் மிலானிலிருந்து அனுப்பிய திரைச்சீலை. ரொசௌரா வீட்டில் அதைவிட மோசம்: அவள் புருஷன் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

எர்மெலிந்தாவுக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. கவனித்தாள், அவ்வளவுதான். கவனித்தது ஏன் படுக்கைவரை கூடவே வந்து தூக்கத்தைத் தின்றது என்பதுதான் அவளுக்கே புரியவில்லை.

ரூடாவோ மூன்று வாசலிலும் செழித்தது. ஒத்தீலியா வாசலில் புதுத்துளிர்கூட விட்டது. 'கைகாரிகள், எப்படி மறைக்கிறார்கள் பார்' என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகம் மூன்று மடங்காக, தொட்டியை வீட்டுக்கு இழுத்து வந்தாள்.

ஞாயிறு காலை ரூடா தலை தொங்கிப்போயிருந்தது.

யெசேனியா குழந்தையைச் சால்வைக்குள் முகம் மூடி ஏந்தியபடி சந்துக்குள் நுழைந்தாள். பின்னாலேயே மூன்று பெண்களும் வந்தார்கள். எர்மெலிந்தா ஓடிப்போய் மறித்தாள்.

"சால்வைய விலக்காத! இதுல ஒருத்தி கண்ணு பொல்லாதது. வாசல் வாசலா ரூடாவை இழுத்துப் போய்ச் சோதிச்சிட்டேன்."

"அடிப்பாவி, அதுக்கா என் வாளியக் கவுத்த?" என்றாள் ஒத்தீலியா.

"செடி எங்கேயாவது வாடுச்சா அத்தை?" என்று கேட்டாள் யெசேனியா.

"எங்கேயும் வாடல. அதான் சூது! மூணு வாசல்லயும் தளதளன்னு நின்னுட்டு, இங்க திரும்பி வந்த ராத்திரியே இப்படித் தொங்கிடுச்சு."

யெசேனியா ரூடாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். சால்வையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, சட்டென்று திரும்பினாள்.

"சொரைதாக்கா, பிள்ளைய நீங்க வாங்கிக்கோங்க, சீக்கிரம்... அத்தை கண்ணுல படறதுக்கு முன்னாடி."