செத்தவீட்டுக்குப் போன நீலப் புள்ளி

"ஆரணி பாடசாலையை விட்டு வெளியேறிவிட்டார்."

கைபேசி இப்படி அறிவித்தபோது சீவரத்தினத்தார் மானிப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடையின் முகாமையாளர் கதிரையில் அப்போதுதான் வந்து இருந்திருந்தார். பேனையைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"வெளியேறிவிட்டாரோ? எங்கை வெளியேறினவ?" என்று அவர் கைபேசியிடமே கேட்டார்.

அது மறுமொழி சொல்லவில்லை. திரையில் விரிந்த வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி பள்ளிக்கூட வாசலிலிருந்து கழன்று, ஆரும் கேட்பாரில்லாத ஆட்டுக்குட்டி மாதிரி வீதியால் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தால் வந்தது. பிள்ளைகளின் கைபேசியைப் பெற்றோர் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று விளக்க, பட்டணத்திலிருந்து ஒரு பொடியனைப் பள்ளிக்கூடம் கூப்பிட்டிருந்தது. "பிள்ளை எங்கே நிற்கிறது என்பது இனி உங்கள் உள்ளங்கையில் தெரியும்" என்று அவன் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த மூன்று தகப்பன்மார் ஒரே நேரத்தில் கைபேசியை எடுத்தார்கள். நடுவில் சீவரத்தினத்தார். இந்தப் பக்கம் லவீனாவின் தகப்பன், அந்தப் பக்கம் டிலக்ஷனின் தகப்பன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் மகளின் கைபேசியை வாங்கினார். கடவுச்சொல்லைப் பிழையாக அடித்து அடித்து அது கோபித்துக்கொண்டபோது, கடைசியில் ஆரணியே அதைச் சரியாகப் போட்டுக் கொடுத்தாள். தன் கையாலேயே தனக்குப் பூட்டுப் போடுகிற பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அப்பா, பள்ளிக்கூட நாளிலை போன் என்னட்டை..."

"வாய் திறக்கப்படாது! கண்டறியாத போன். இனி நீ எங்கை நிக்கிறாய், என்ன பாக்கிறாய், எல்லாம் எனக்குத் தெரியும்."

"அதைத்தான் அப்பா சொல்ல வாறன்..."

"நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. இனி இது சொல்லும்."

இப்போது அது சொல்லிக்கொண்டிருந்தது.

மகளுக்கு அழைப்பு எடுத்தார். மணி போனது; எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். அதற்கும் அப்படியே. சீவரத்தினத்தாருக்குக் கொதி தலைக்கேறியது. "தகப்பன் எடுக்க எடுக்காத போன் உனக்கு எதுக்கடி?" என்று 'உடனே பூட்டு' என்ற பொத்தானை அமத்தினார். பூட்டியது.

பூட்டிய பிறகுதான் யோசனை வந்தது. பூட்டிய போனில் பிள்ளை எப்படித் தகப்பனோடு கதைக்கும்? உடனே திறக்கப் பார்த்தார். எதை அமத்தினாரோ தெரியாது. 'இன்று முழுவதும் தடையில்லை. உங்கள் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கட்டும்!' என்று திரை சிரித்தது.

"ஆரின்ரை மகிழ்ச்சி? ஆரைக் கேட்டு மகிழ்ச்சி?"

மா நிறுத்துக்கொண்டிருந்த றஜிதா நிமிர்ந்து பார்த்தாள். "என்னையோ சேர் கேக்கிறியள்?"

"உம்மையில்லை. உம்மடை வேலையைப் பாரும்."

நீலப் புள்ளி கோப்பாயைத் தாண்டியது. அச்சுவேலியைத் தாண்டியது. தொண்டைமானாற்றுப் பாலத்தையும் கடந்து, வல்வெட்டித்துறையில் போய் நின்றது.

வல்வெட்டித்துறையில் அவர்களுக்கு என்ன சோலி? சொந்தமில்லை, பந்தமில்லை. மீன்கூட அங்கே போய் வாங்கியதில்லை. விரலால் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். புள்ளி கரையில் இல்லை. பாதி கடலுக்குள் நின்றது.

ஒரு கணம் அவருடைய கொதி அடங்கிப்போனது. ஆரணி சின்னதிலே கடலுக்குப் போனால் தகப்பனின் இடுப்புச் சாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. அலை வந்து காலை நனைத்தால், "அப்பா, கடல் என்னைத் தொடுது" என்று முறைப்பாடு வைப்பாள். அந்தப் பிள்ளை இப்போது ஆரோடு அங்கே?

புள்ளி அசைந்து வீதிக்கு ஏறியது. அவருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கொதியும் திரும்பி வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக் கேட்கலாம். கேட்டால் பள்ளிக்கூடக் கந்தோர் அறியும், கந்தோர் அறிந்தால் ஆசிரியர் அறை அறியும், மத்தியானச் சோற்றுக்கு முன்னம் அவருடைய ஊரான சண்டிலிப்பாய் முழுக்க அறியும். மனைவி ஜெயகௌரிக்குச் சொல்லலாம். அவ முதலில் அழுவா, பிறகு ஏசுவா, பிறகு கனடாவிலுள்ள தமக்கைக்கு எடுப்பா. கனடாவுக்குப் போகிற கதை திரும்பி வரும்போது கை கால் முளைத்து, தாலியும் கட்டிக்கொண்டு வரும். மானம் போனால் ஆர் கொண்டுவந்து தருவது?

ஆகவே லவீனாவின் தகப்பனுக்கு எடுத்து, நைசாக விசாரித்தார்.

"என்ன, லவீனா இண்டைக்குப் பள்ளிக்கூடம் போனவவோ?"

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு, "ஏன் கேக்கிறியள்?" என்று ஒரு வெட்டு.

"சும்மாதான்."

"நான் ஒரு செத்தவீட்டுக்கு வந்து நிக்கிறன். பிறகு கதைக்கிறன்."

"ஐயோ, ஆர் செத்தது?"

"அது... தூரத்துச் சொந்தம். ஆரெண்டு இன்னும் வடிவாத் தெரியேல்லை."

தொடர்பு அறுந்தது. 'ஆர் செத்ததெண்டு தெரியாமல் செத்தவீட்டுக்குப் போற மனிசன்! இவரெல்லாம் ஒரு தகப்பன்' என்று சீவரத்தினத்தார் மனதுக்குள் திட்டினார். ஆனால் செத்தவீடு என்ற சொல் மட்டும் அவருடைய மூளையின் ஒரு மூலையில் போய் வசதியாக இருந்துகொண்டது.

நீலப் புள்ளி நல்லூருக்குப் போய் கோயிலைச் சுற்றியது. கொக்குவிலுக்கு வந்தது. பதினொரு மணியளவில், என்ன துணிவிருந்தால், மானிப்பாய்ச் சந்தியிலேயே வந்து நின்றது. தகப்பனின் மூக்குக்குக் கீழே!

கதிரை பின்னால் விழ எழும்பினார். "றஜிதா, நான் வெளிக்கிடுறன்."

"சேர், அரிசி லொறி வருது. நீங்கள்தானே கையெழுத்து வைக்கவேணும்?"

"ஒரு செத்தவீடு."

"ஐயையோ! ஆர் சேர்?"

பொய் சொன்னாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பது சீவரத்தினத்தாரின் கொள்கை. லவீனாவின் தகப்பனைப் போல அவர் அரைகுறையாக விடுகிறவரல்ல. "பெரியம்மா. சண்டிலிப்பாய். எண்பத்தேழு வயது. கொஞ்ச நாளாய் ஏலாமல்தான் இருந்தவ. நித்திரையிலை போயிட்டா."

றஜிதாவின் கண் கலங்கியது. அவ்வளவு ஒழுங்கான பொய்.

மோட்டார்சைக்கிளை எடுக்கவில்லை, அதன் சத்தம் மகளுக்குத் தெரியும். சந்தியில் எமில்ராஜின் ஓட்டோ நின்றது. சண்டிலிப்பாய்ப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் இறக்கி, பின்னேரம் ரியூசனுக்கு ஏற்றுகிறவன் அவன்தான். இடையில் சந்தியில் வாடகைக்கு நிற்பான். களைத்துப்போய், கடைவாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

"எமில், காலமை பிள்ளையளை இறக்கினனீரோ?"

"ஓம் அண்ணை, வாசலிலை இறக்கினனான்."

"உள்ளை போனதைக் கண்டனீரோ?"

"நிண்டு பாக்க நான் என்ன அதிபரோ? ஏன் அண்ணை?"

"ஒண்டுமில்லை. ஓட்டோவை எடும். ஒரு செத்தவீட்டுக்குப் போகவேணும்."

எமில்ராஜ் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவரை ஒருமாதிரிப் பார்த்தான். "அண்ணை, நீங்களும்..."

"கதைக்க நேரமில்லை. எடும்!"

"எந்தப் பக்கம்?"

"நேரை போம். நான் சொல்லுவன்."

"செத்தவீடு எங்கை எண்டு சொன்னால்..."

"நேரை போமெண்டனான்!"

ஓட்டோ வெளிக்கிட்டது. கொஞ்சத்தில் புள்ளியும் வெளிக்கிட்டது. ஒருமுறை பார்த்தால் ஒரு குறுக்கு ஒழுங்கைக்குப் பின்னால் நின்றது. அடுத்தமுறை பார்த்தால் பக்கத்தில் வந்தது. சீவரத்தினத்தார் தலையை வெளியே நீட்டினார். ஒரு மினிபஸ் இரைந்துகொண்டு அவர்களை முந்தியது.

"அதுதான்! உந்த பஸ்ஸை மறியும்!"

"செத்தவீட்டுக்கு பஸ்ஸையோ மறிக்கிறது அண்ணை?"

மறித்தார்கள். சீவரத்தினத்தார் பாய்ந்து ஏறி, முகம் முகமாகப் பார்த்தார். முகங்கள் போதாமல் இருக்கைகளுக்குக் கீழும் குனிந்தார்.

"என்ன மனிசன் இது? காலுக்குள்ளை குனியுது!" என்று முருங்கைக்காய்க் கட்டோடு இருந்த ஒரு மனுசி எழும்பினா. "நரைச்ச தலைக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

"நான் ஒண்டைத் தேடுறன்."

"ஓம், தெரியுது! கொண்டக்டர், இவரை இறக்கும்!"

கைபேசியைப் பார்த்தார். புள்ளி பஸ்ஸில் இல்லை. பின்னால், ஓட்டோ நின்ற பக்கமாகவே நின்றது. அந்த நேரம் ஓட்டோவை ஒட்டி ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. ஓட்டியவனுக்குப் பின்னால் தலைக்கவசத்தால் முகம் மூடிய ஒரு பெண்.

சீவரத்தினத்தார் நடுவீதிக்கு ஓடி இரண்டு கையையும் விரித்தார். "நில்! இறங்கடி கீழை! குடும்ப மானத்தைக் காத்திலை பறக்கவிட்டிட்டு..."

பெண் தலைக்கவசத்தைக் கழற்றினா. ஊர்க் கிராம அலுவலர் அம்மா. முன்னால் இருந்தவர் அவவின் புருசன்.

சீவரத்தினத்தாரின் விரித்த கை விரித்தபடியே நின்றது.

"பாவம், துக்கத்திலை நிக்கிறார்" என்று அந்த அம்மா புருசனுக்குச் சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினா. "றஜிதா இப்பதான் சொன்னவ. உங்களைத்தான் தேடி வாறன். மரண அறிக்கை நான்தானே எழுதவேணும்? பெரியம்மாவின்ரை பேர் என்ன? என்ரை பிரிவிலை எண்பத்தேழு வயதிலை ஒருதரும் இல்லையே?"

"அவ... கொஞ்சம் வெளியிலை வாறது குறைவு."

"வாக்காளர் இடாப்பிலையும் இல்லையே?"

"வாக்குப் போடவும் போறதில்லை. நீங்கள் முன்னாலை போங்கோ, நான் வாறன்" என்று சொல்லி ஓட்டோவுக்குள் புகுந்தார். ஓட்டோ நகர்ந்தது. கைபேசி அடித்தது.

"சேர்!" றஜிதாவின் அழுத குரல். "நாங்கள் எல்லாரும் கடையைப் பூட்டிட்டு மலர்வளையத்தோடை வானிலை வாறம். சண்டிலிப்பாய்ச் சந்தியிலை வெள்ளைக்கொடி ஒண்டையும் காணேல்லை. எந்த ஒழுங்கை சேர்?"

அவர் துண்டித்தார். ஒரு பிள்ளையின் போனைக் கட்டுப்படுத்தப் போய், கடை பூட்டியாயிற்று, இல்லாத பெரியம்மா செத்தாயிற்று, அரசாங்கம் அவவின் பேரைக் கேட்கிறது. மகள் மட்டும் பிடிபடவில்லை.

"எமில், நிப்பாட்டும்! இனி ஒண்டும் பாக்கமாட்டன்" என்று சீறினார். கூட்டத்துப் பொடியன் கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது: 'மணி அடி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பிள்ளை சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் போன் ஊர் கேட்க அலறும். "அலறட்டும்! எந்த வீட்டுக்குள்ளை ஒளிச்சு நிண்டாலும் அலறட்டும்!"

அமத்தினார்.

அலறியது. அவருடைய முதுகுக்குப் பின்னால்.

சீவரத்தினத்தார் துள்ளி எழும்பியதில் ஓட்டோக் கூரையில் தலை முட்டியது. எமில்ராஜ் இறங்கி வந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய துணிப்பையை இழுத்து அவருடைய மடியில் வைத்தான்.

"உது எங்கடை பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை போன் அண்ணை. உள்ளை கொண்டுபோகவிடமாட்டினம். காலமை என்னட்டைத் தந்திட்டுப் போவினம், பின்னேரம் ரியூசனுக்கு ஏறேக்கை குடுப்பன். ஏன், ஆரணி உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்ல வந்தவள். இரண்டு தரம் சொல்ல வந்தவள்.

சீவரத்தினத்தார் பையைத் திறந்தார். ஆரணியின் போன் அலறிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் லவீனாவின் போன், டிலக்ஷனின் போன். இரண்டின் திரையிலும், எடுபடாத அழைப்புகளுக்கு நேரே, 'அப்பா', 'அப்பா', 'அப்பா' என்று நிறைந்து கிடந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வான் வந்து நின்றது. றஜிதா மலர்வளையத்தைச் சுமந்தபடி இறங்கினாள். பின்னால் சங்கக்கடை முழுவதும் தலைகுனிந்து வந்தது.

"அழாதேங்கோ சேர். எந்த வீடு?"

எமில்ராஜ் பையையும் பார்த்தான், மலர்வளையத்தையும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்:

"அப்ப அண்ணை, விடிய லவீனாவின்ரை அப்பாவும், அவருக்குப் பிறகு டிலக்ஷன்ரை அப்பாவும் செத்தவீடெண்டு ஏறி, என்னை வல்வெட்டித்துறைக்கும் நல்லூருக்கும் இழுத்தடிச்சது உந்தப் பையைத் தேடித்தானோ?"