வீராணம் நீலத்தில் ஒரு போர்ட்டல்

மனித குல வரலாற்றை நெருப்புக்கு முன், நெருப்புக்குப் பின் என்று பிரித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால், கடலூர் செம்மண்டலத்திலுள்ள 'நீலவலை இறால் தீவன' நிறுவனத்தின் போர்ட்டலுக்கு முன், அதற்குப் பின் என்று சரியாகப் பிரித்திருக்கலாம்.

போர்ட்டல் என்பது கம்பெனிக்காரர்கள் மட்டும் உள்ளே போகிற இணையதளம். வெளியூரில் வாங்கியது. வாங்கிய அன்றே அதில் விடுப்பு, சம்பளச் சீட்டு, சுற்றறிக்கை எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் பார்ப்பதற்கும் அது வேலை செய்கிற ஒன்றைப் போலவே இருந்தது. அந்தக் குறையைப் போக்கத்தான் இருபத்தெட்டு வயது கார்த்திகேசன் 'டிஜிட்டல் உருமாற்றப் பிரிவுத் தலைவ'ராக நியமிக்கப்பட்டார். பிரிவில் அவர் ஒருவர்தான் இருந்தார் என்பதால் தலைமைக்குப் போட்டி எழவில்லை. ஓராண்டு தகுதிகாண் காலம். அதில் இன்னும் ஒரு மாதம் பாக்கி.

முகப்பின் நிறத்தைத் தீர்மானிக்க மூன்று கூட்டங்கள் நடந்தன. நிர்வாக இயக்குநர் தேவநாதன் தலைமை தாங்கினார்.

"நீலம் சரிய்யா. எந்த நீலம்?"

"கடல் நீலம் சார். நம்ம ஊரு, நம்ம தொழிலு..."

"கடல்னாலே எனக்குப் புயல் ஞாபகம் வருது. வேற சொல்லு."

"கெடிலம் நீலம்?"

"கெடிலத்துல தண்ணி எங்கய்யா இருக்கு, நீலமா இருக்கறதுக்கு?"

"அப்போ வீராணம் நீலம் சார்."

தேவநாதன் கண்களை மூடினார். உள்ளே ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று ஊகித்து மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். "போடு" என்றார் அவர். அறையே கைதட்டியது.

அதன்பின் வளர்ச்சி தடுக்க முடியாததாயிற்று. உள்ளே நுழைந்தால் இரண்டு மரக்கதவுகள் நாதஸ்வர இசையோடு மெல்லத் திறக்கும். திறந்ததும் இயக்குநரின் 'இன்றைய சிந்தனை' தோன்றும். அடுத்து 'இன்று என் மனநிலை' என்று மூன்று மூஞ்சிகள் வரும். சிரிப்பது, அழுவது, சும்மா இருப்பது. ஏதாவது ஒரு மூஞ்சியை அழுத்தாத வரை எவரும் எந்த வேலையும் செய்ய முடியாது. ஊழியர் நலனில் அவ்வளவு அக்கறை.

விடுப்புப் பொத்தான் மட்டும் காவி நிறத்தில் வந்து வீராணத்தை உறுத்தியது.

"இது என்னாய்யா, ஏரி நடுவுல ஆரஞ்சுப்பழம் மாதிரி?"

"எடுத்துடறேன் சார்."

"எடுத்துடாத. லீவு போடறதுக்கு வழியே இல்லன்னு பேரு வந்துடும். கண்ணுல படாம வையி."

கார்த்திகேசன் அதை 'நான்' என்பதற்குள் 'என் நலம்', அதற்குள் 'என் இளைப்பாறல்', அதற்குள் ஒரு சின்ன இலைப் படம் என்று வைத்தார். 'விடுப்பு' எதிர்மறைச் சொல் என்பதால் அந்தச் சொல்லையே நீக்கினார்.

இத்தகைய பொற்காலத்திலும் அடங்காமல் கிடந்தது சிதம்பரம் கிளை. அங்கே கிடங்குப் பொறுப்பாளர் பொன்னுரங்கம், இருபத்திரண்டு வருடமாகச் செய்ததையே செய்துகொண்டிருந்தார். லீவு வேண்டுமென்றால் வெள்ளைத்தாளில் எழுதுவார். உறையில் போட்டு, கடலூர்ப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுப்பார். தலைமை அலுவலகத்தில் விடுப்புப் பதிவேட்டைப் பார்க்கும் தைலம்மாளுக்குப் போன் போட்டு வண்டி எண்ணைச் சொல்வார். ஒன்றேகால் மணி நேரத்தில் காவலாளி பேருந்து நிலையத்தில் உறையை வாங்கிவிடுவார். தைலம்மாள் அதில் இயக்குநரிடம் கையெழுத்து வாங்குவார். முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் கார்த்திகேசன் இதைக் 'கற்காலம்' என்ற தலைப்பில் திரையில் காட்டினார். நடத்துநர் உறையைப் பல்லில் கவ்விக்கொண்டு சில்லறை கொடுக்கும் புகைப்படமும் இருந்தது. இயக்குநர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் நிறுத்தாததால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து சிரித்தார்கள்.

உடனே கார்த்திகேசன் ஒரு சுற்றறிக்கை எழுதினார். 'போர்ட்டல் வழியே வராத விடுப்பு, விடுப்பே அல்ல. முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் பதிவாகாதவர் சொல்லாமல் நின்றவராகக் கருதப்படுவார். தகுதிகாண் காலத்தில் உள்ளவர் அவ்வாறு ஒரு நாள் நின்றாலும் பணி நீக்கம்.' கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. கண்டிப்பு தெரியட்டும் என்று அவராகச் சேர்த்தார்.

அடுத்த வாரம் பொன்னுரங்கத்தின் அக்கா காட்டுமன்னார்கோயிலில் இறந்துபோனார். வழக்கம்போல் உறை வந்தது. அன்று தைலம்மாளின் மேசைக்கு எதிரே கார்த்திகேசனே உட்கார்ந்திருந்தார். பிரிக்காமல் அடுத்த வண்டியில் திருப்பி அனுப்பினார். சாவுக்குப் போய்வந்த பொன்னுரங்கம், மகனின் கைப்பேசியில் முதல்முறையாகப் போர்ட்டலைத் திறந்து அழுகிற மூஞ்சியை அழுத்தினார். 'சிரியுங்கள்! உலகமே உங்களோடு சிரிக்கும்!' என்று பத்துப் பலூன்கள் பறந்தன. அவர் பெயருக்கு எதிரே 'சொல்லாமல் நின்றவர்' என்றிருந்தது. அதுவும் வீராணம் நீலத்தில்.

இந்தச் சாதனைகளுக்கு நடுவே கார்த்திகேசனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் சிதம்பரம், பெயர் ஸ்ரீமதி. வெள்ளிக்கிழமை காலை நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பாவுக்குப் பிள்ளையைவிட, பிள்ளைக்கு அடுத்த மாதம் நிரந்தரமாகப் போகிற வேலையைப் பிடித்திருந்தது. எனவே வியாழக்கிழமை சிதம்பரம் கிளையைத் திருத்துவது, அங்கிருந்தே விடுப்பைப் பதிந்து செயல்முறை விளக்கம் காட்டுவது, மறுநாள் மோதிரம் மாற்றுவது என்று அவர் திட்டமிட்டார்.

வியாழன் மதியம் மூன்று மணி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கில், தீவன மூட்டைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தார்.

"நல்லா பாத்துக்குங்கண்ணே. மூணே நிமிஷம்."

கதவுகள் திறந்தன. நாதஸ்வரம் வாசித்தது.

"கல்யாணம் இங்கயே ஆயிடும் போலருக்கே சார்" என்றார் பொன்னுரங்கம்.

கார்த்திகேசன் சிரிக்கிற மூஞ்சியை அழுத்திவிட்டு, மூன்று அடுக்கு தாண்டி இலையைத் தொட்டார். 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்! உங்களுக்கு இளைப்பாறல் தேவையில்லை.'

"கரெக்டாத்தான சொல்லுது."

"இருங்கண்ணே." திரும்பப் போய் அழுகிற மூஞ்சியை அழுத்தினார். 'மனநல ஆலோசகருடன் உங்கள் சந்திப்பு: செவ்வாய், பதினொரு மணி. அதுவரை சிரியுங்கள்!'

"செவ்வாக்கெழமை வரைக்கும் பொண்ணு வீட்டுல காத்திருப்பாங்களா சார்?"

மூன்றாவதாக, சும்மா இருக்கிற மூஞ்சி. இலை வழிவிட்டது. தேதி போட்டு அனுப்பினார். பலூன் பறந்தது.

"பாத்தீங்களா!"

"பலூனப் பாத்தேன். லீவு குடுத்துடுச்சா?"

'உங்கள் விண்ணப்பம் மேலதிகாரிக்குச் சென்றுள்ளது. மேலதிகாரி: கார்த்திகேசன்.' சட்டைப்பையில் கைப்பேசி மணியடித்தது. 'ஊழியர் கார்த்திகேசன் உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறார்.' சோதனைக்காக என்றோ தன் பெயரைப் போட்டு வைத்தவர், நீலத்தைத் தேடிய மும்முரத்தில் அதை மாற்ற மறந்திருந்தார். அனுமதியை அழுத்தினார். 'தமக்குத் தாமே அனுமதி வழங்க இயலாது. உதவிக்குப் போர்ட்டல் பொறுப்பாளரை அணுகவும்.' கீழே பொறுப்பாளரின் படம். நீலப் பின்னணியில் கார்த்திகேசன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அமைப்பை மாற்றச் செம்மண்டலத்தில் அவர் அறையிலுள்ள கணினியால் மட்டுமே முடியும். பாதுகாப்புக்காக அவர் போட்ட பூட்டு அது. ஐந்து மணிக்குப் பெண் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதால் போய்த் திரும்பவும் வழியில்லை. இயக்குநரைக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கி எனக்கு நிச்சயதார்த்தம். ஒரு நாள் லீவு..."

"வாயால கேட்டா லீவாய்யா? நீதான எழுதின? போர்ட்டல்ல போடு." வைத்துவிட்டார்.

வைத்த கையோடு ஸ்ரீமதி கூப்பிட்டாள். "அப்பா கேக்கறாரு. நாளைக்கி லீவு சொல்லிட்டீங்கதான?"

"ப்ராசஸ்ல இருக்குது."

"அப்டின்னா?"

"சொல்லிடுவேன்."

அடுத்துத் தைலம்மாளைக் கூப்பிட்டார். "அக்கா, ஒங்களால என் லீவ ஏத்த முடியுமா?"

"முடியுமே. வாங்கினப்பவே எனக்கு அந்த வசதி குடுத்துட்டாங்க. நீங்க நெறத்தத்தான மாத்தினீங்க, அத யாரும் தொடல. அல்லாரு லீவும் நான்தான ஏத்தறேன்."

"அல்லாருதுமா? தொண்ணூத்தாறு சதவீதம் பேரு போர்ட்டல்ல போடறதா ரிப்போர்ட் காட்டுதே?"

"அல்லாரும் பேப்பர்ல எழுதிக் குடுக்கறாங்க. எம்.டி. கையெழுத்துப் போடறாரு. நான் ஏத்தறேன். எம்.டி. அதத் தொறக்கறதே இல்ல தம்பி. கதவு தொறக்கற வரைக்கும் யாரு உக்காந்திருக்கறதுங்கறாரு."

கார்த்திகேசன் மூட்டைமேல் உட்கார்ந்தார். "எழுதி வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பட்டுமா?"

"போட்டோவுலயா கையெழுத்துப் போடுவாரு? பேப்பர் வரணும். ஆறு மணிக்குள்ள."

பொன்னுரங்கம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளையும் உறையையும் எடுத்து வைத்தார். "மூணு அம்பதுக்கு ஒரு வண்டி இருக்கு சார்."

பிரிவுத் தலைவருக்கு விடுப்புக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

"'தாழ்மையுடன்'னு போடுங்க" என்றார் பொன்னுரங்கம்.

"போட்டுட்டேன்."

"இன்னொரு தாழ்மையும் போடுங்க. அவசரமாச்சே."

போட்டார்.

பேருந்து புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. நடத்துநர் சிலம்பரசன் உறையை வாங்கித் தோல்பைக்குள் செருகினார். உள்ளே ஏற்கெனவே மூன்று உறைகள் இருந்தன. மூன்றிலும் 'நீலவலை' முத்திரை.

"முன்னல்லாம் ஒங்க கம்பெனி கவரு மாசத்துக்கு ரெண்டோ மூணோ வரும் சார். ஏதோ கம்ப்யூட்டர் வந்துடுச்சாமே, அதுலருந்து தெனைக்கும் வருது. புவனகிரி, பரங்கிப்பேட்டை, அல்லா ஊருலருந்தும் இங்க வந்து குடுக்கறாங்க. ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. யாரு சார் அதக் கொண்டாந்தது?"

"மடங்காம பாத்துக்குங்கண்ணே" என்றார் கார்த்திகேசன்.

பேருந்து நகர்ந்தது. அவர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு, தைலம்மாளிடம் வண்டி எண்ணைச் சொன்னார். சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னார்.