பாதாம் பாலை அளந்த மீட்டர் அண்ணன்

ஆரணியில் கொதிக்கிற, வடிகிற, ஊற்றுகிற எந்தத் திரவமும் மீட்டர் அண்ணனிடமிருந்து தப்பியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பட்டுச் சாயப் பட்டறையில் அவர்தான் சாய மாஸ்டர். அடியில் ஈயக்குண்டு, கழுத்தில் கோடுகள் போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். திரவமானி. பட்டறை ஆசிட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். திரவமானி பற்றி ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அதைச் சீப்பு மாதிரி வைத்துக்கொண்டு திரிகிற மனிதரை அங்கேதான் பார்த்தேன்.

"இவன் எடை மாறாது தம்பி. தன் எடைக்கு எடை தண்ணிய ஒதுக்கற வரைக்கும் முங்குவான். கெட்டியா இருந்தா கொஞ்சம் ஒதுக்கினாலே போதும், தலைய தூக்கிகினு நிப்பான். பொய்யே சொல்ல மாட்டான்" என்பார்.

ஆடிக் கூழில் விட்டார். நட்டுவைத்த கம்பம் போல் நின்றது. டீக்கடையில் தினமும் முங்கியது. பேஜாரான டீக்கடைக்காரர் ஒருநாள் கிளாஸில் ஒரு பிடி உப்பைக் கலக்கிவிட்டார். மானி ஜம்மென்று எழும்பி நின்றது. "இதான்யா டீ!" என்று அண்ணன் ஒரே மடக்கில் குடித்தார். அன்று பிற்பகல் அவர் வேலைக்கு வரவில்லை.

இந்தப் பழக்கத்தால் பெண் பார்த்த நான்கு இடங்களும் தட்டிப்போயின. பெண் கொண்டுவரும் காபியை அளந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? ஐந்தாவதாகச் சேத்துப்பட்டில் ஒரு வரன். அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது.

"இதுவும் போச்சுன்னா அவ்ளோதான் தம்பி. நீ கூட வா, என்ன புடிச்சிக்கோ" என்றார். பஸ் ஏறும் முன் அவர் பைகளையெல்லாம் தடவிப் பார்த்தேன். காலி. சாக்ஸை நான் யோசிக்கவில்லை.

உயரமான டம்ளரில், ஆவி பறக்கும் பாதாம் பாலோடு பெண் வந்தார். அண்ணன் குனிந்தார். கை சாக்ஸுக்குள் போனது. நான் பாய்வதற்குள் மானி கழுத்து உச்சி வரை முங்கிவிட்டது.

"தண்ணி" என்றார் அண்ணன்.

பெண்ணின் அப்பா எழுந்தார். நான் செருப்பு எங்கே என்று பார்த்தேன்.

"இன்னாங்க நீங்க?" என்றார் பெண். "கொதிக்கிற பால்ல வுட்டா முங்காம இன்னா பண்ணும்? சூடானா பால் லேசாயிடும். ஆற வுட்டுப் பாருங்க. நான் பால் சொசைட்டில டெஸ்டருங்க."

அரை மணி நேரம் வீடே டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மானி மெல்ல எழும்பியது. ஒரு கோடு. இன்னொரு கோடு.

"மேலேர்ந்து பாக்காதீங்க. கண்ண நேரா வச்சிப் பாருங்க."

அண்ணன் தரையில் முட்டிபோட்டு, கன்னத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தார். "நல்ல பாலுங்க. தப்பு என்னுதுதான்" என்றார், அங்கிருந்தபடியே.

அப்பா மகளைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?"

"தப்புன்னா ஒத்துக்கிறாருப்பா. எனக்குப் புடிச்சிருக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன், "புடிச்சிருக்குன்னுதானே சொல்லிச்சு?" என்று ஏழு முறை கேட்டார். ஏழு முறையும், அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல, "ஆமாண்ணா" என்றேன்.